கெம்பஸ் பிரச்சினையைப் பீடச் சபை வரை கொண்டுபோவது எப்படி? மலையகத்திலிருந்து வரும் முதல் வருஷத்தாருக்கு

செமஸ்டர் தொடங்கிப் பல கிழமை போன பிறகும் எங்கள் பாடம் ஒன்றுக்குத் தமிழில் விரிவுரை நடக்கவில்லை. வருகை விரிவுரையாளரின் காலம் முடிந்துவிட்டது, புதிதாக ஆள் எடுக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான். துறையில் எல்லாருக்கும் தெரியும், யாரிடம் கேட்டாலும் முகம் கோணாமல் "பார்ப்போம் பிள்ளைகள்" என்றார்கள். பார்த்தார்களோ இல்லையோ, அந்த விஷயம் எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் ஏறவே இல்லை. அதை ஏற்றுவதற்கு நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எந்தக் கெம்பஸ், எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை, எல்லா அரச பல்கலைக்கழகத்திலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

பேராதனைக்கோ பதுளையில் ஊவா வெல்லஸ்ஸவுக்கோ வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கொட்டகலை பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவை கல்வி அமைச்சின் கீழ் வருகின்றன, மூதவை (செனட்), பேரவை (கவுன்சில்) என்ற அடுக்கு அங்கே கிடையாது. கடிதம், முத்திரை, தகவல் உரிமை பற்றிச் சொல்வது மட்டும் அவர்களுக்கும் உதவும்.

1. எந்த மேசை என்று முதலில் பிடியுங்கள்

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் அதிகாரத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. கீழே துறை, அதற்கு மேல் டீன் (பீடாதிபதி) தலைமையில் பீடச் சபை (பெகல்டி போர்ட்), அதற்கும் மேல் துணைவேந்தர் தலைமையில் படிப்பு விஷயங்களைப் பார்க்கும் மூதவை, காசு, கட்டடம், நியமனம் என்று நிர்வாகம் முழுக்கப் பேரவையிடம். உங்கள் பிரச்சினை எந்த அடுக்கில் முடிவாகிறது என்று தெரியாமல் கடிதம் எழுதினால் அது ஊர் சுற்றிவிட்டு உங்களிடமே வரும்.

நேர அட்டவணை மோதுவது, டியூட்டோரியல் நடக்காதது, வரவுப் பதிவில் பிழை, இதெல்லாம் துறைத் தலைவரோடு முடிய வேண்டியவை. வருகை விரிவுரையாளர் எடுப்பது, பாடத்தெரிவை மாற்றுவது, பரீட்சைக்குக் கொடுத்த மெடிக்கல் சான்றிதழ், இவை வழக்கமாகத் துறை வழியாகப் பீடச் சபைக்குப் போகும், சில அங்கிருந்து மூதவைக்கும் ஏறும். ஹொஸ்டலில் தண்ணீர் வரவில்லை, கூரை ஒழுகுகிறது என்றால் பீடச் சபைக்கு அதில் வேலையே இல்லை. சப் வோர்டன், வோர்டன், அப்புறம் மாணவர் நலன் பார்க்கும் பிரிவு, பராமரிப்புப் பிரிவு என்று அது வேறு பாதை. மகாபொல, பர்சரி என்ற மாணவர் உதவிப்பணம் இரண்டும் மாணவர் நலன் பிரிவின் கவுண்டரில்.

பலரும் விழுகிற குழி இங்கே ஒன்று உண்டு. கோபத்தில் நேரே துணைவேந்தருக்கு எழுதுவார்கள். அவருடைய அலுவலகம் அந்தக் கடிதத்தை "அறிக்கை தருக" என்று டீனுக்கு அனுப்பும், டீன் துறைத் தலைவருக்கு அனுப்புவார், துறைத் தலைவர் "என்னைத் தாண்டிப் போய்விட்டார்களே" என்று மனம் கசந்து உட்கார்ந்திருப்பார். கீழிருந்து தொடங்குங்கள். ராகிங், பாலியல் தொந்தரவு மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

2. திகதியைக் கேட்டு எழுதி வையுங்கள்

பீடச் சபை வழக்கமாக மாதம் ஒரு முறை கூடும். கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை மூடிவிடுவார்கள். டீன் அலுவலகத்தில் இருக்கும் கிளாக் அக்காவிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: அடுத்த போர்ட் எப்போது, பேப்பர் கொடுக்கக் கடைசி நாள் எது. இந்த இரண்டு திகதியும் தெரிந்தவர்கள் பெச்சில் ஒரு கை விரலுக்குள்தான் இருப்பார்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். துறைக் கூட்டம் ஒன்று, பீடச் சபை ஒன்று, மூதவைக்குப் போக வேண்டியதென்றால் அதற்கும் ஒன்று. சில அலுவலகங்களில் கூட்டக் குறிப்பு அடுத்த கூட்டத்தில் உறுதிப்படுத்தப்பட்ட பிறகுதான் கடிதமே அடிப்பார்கள். சும்மா போனாலே இரண்டு மாதம் தாண்டும், செமஸ்டரோ 15 கிழமை. அதனால் விரிவுரையாளர் இல்லை, பாடம் தமிழில் இல்லை என்பது போன்ற பிரச்சினையை முதல் இரண்டு கிழமைக்குள் எழுத்தில் கொடுக்காவிட்டால், தீர்வு வரும்போது பரீட்சையும் முடிந்திருக்கும்.

ஸ்ட்ரைக் காலத்தையும் கணக்கில் சேருங்கள். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. அப்படி ஒன்று வந்தால் கவுண்டர் திறக்காது, முத்திரை விழாது. வரப் போகிறது என்ற பேச்சு அடிபடும்போதே கையிலிருப்பதைக் கொடுத்துவிடுங்கள்.

3. பைல் ஒன்று போடுங்கள்

ஐம்பது நூறு ரூபாய்க்குள் ஒரு மட்டை பைல் போதும். உள்ளே வைக்க வேண்டியவை: மாணவர் அடையாள அட்டையின் போட்டோ கொப்பி, பதிவு இலக்கம் உள்ள கடிதம், துறை ஒட்டிய நேர அட்டவணை, அறிவித்தல் பலகையில் வந்தவற்றின் படங்கள். அறிவித்தலைப் படம் எடுக்கும்போது திகதியும் கையொப்பமும் விழுகிற மாதிரி முழுத் தாளையும் எடுங்கள், பாதித் தாள் எதற்கும் உதவாது. பீடக் கைநூலும் மாணவர் ஒழுங்கு விதிகளும் பிடிஎஃப் ஆகக் கிடைத்தால் போனில் இறக்கி வையுங்கள். மெடிக்கல் கொடுக்க வேண்டிய நாட்கள், பெறுபேற்றை மீளப் பார்க்கக் கேட்கும் கட்டணம், வரவு வீதம், இதெல்லாம் பீடத்துக்குப் பீடம் மாறும், சீனியர் சொன்ன கணக்கை நம்பி இருக்காதீர்கள்.

அதோடு ஒரு நாட்குறிப்பு. "செவ்வாய் காலை 10 மணி விரிவுரை நடக்கவில்லை, அறிவித்தல் இல்லை, வந்திருந்தவர்கள் 23 பேர்" என்று ஒரு வரி போதும். "எப்போதுமே லெக்சர் நடப்பதில்லை" என்று எழுதினால் யாரும் தலைநிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், நடக்காத ஐந்து நாளின் திகதியை வரிசையாகப் போட்டால் துறைத் தலைவர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது கவனம். வெள்ளைத் தாளில் பெயர்ப் பட்டியல் சுற்ற விட்டு, பிறகு அதை ஏதாவது கோரிக்கையோடு பின் அடித்துக் கொடுக்கும் பழக்கம் கெம்பஸில் நிறைய இருக்கிறது. நீங்கள் தண்ணீருக்குப் போட்ட கையெழுத்து வேறு எதற்கோ போய் நிற்கும். கோரிக்கை இருக்கிற அதே பக்கத்தில்தான் கையெழுத்து இருக்க வேண்டும், அடுத்த பக்கம் போனால் மேலே கோரிக்கையை ஒரு வரியில் திரும்ப எழுதி, "பக்கம் 2" என்று போட்டு, அதன் கீழே பெயர், பதிவு இலக்கம், ஒப்பம். வெறுந்தாளை யார் நீட்டினாலும், சீனியர் அண்ணாவே நீட்டினாலும், போடாதீர்கள்.

4. கடிதம்: ஒரு பிரச்சினை, ஒரு பக்கம்

டீனுக்கு எழுதுங்கள், ஆனால் "துறைத் தலைவர் ஊடாக" என்று போட்டு எழுதுங்கள். ஊடாக என்ற அந்த ஒரு வரி இருந்தால் துறைத் தலைவர் தன் சிபாரிசை அதிலேயே எழுதி மேலே அனுப்பலாம், கடிதம் திரும்பி வராது. நடை இப்படி இருந்தால் போதும்:

"விடயம்: இரண்டாம் செமஸ்டர், இன்ன இலக்கப் பாடத்துக்குத் தமிழ்மொழி மூல விரிவுரை நடைபெறாமை. மேற்படி பாடத்துக்குப் பதிவு செய்துள்ள தமிழ்மொழி மூல மாணவர்கள் இத்தனை பேர். கீழ்க்காணும் திகதிகளில் விரிவுரை நடைபெறவில்லை. வருகை விரிவுரையாளர் ஒருவரை நியமிப்பதற்கான சிபாரிசை எதிர்வரும் பீடச் சபைக் கூட்டத்தில் சமர்ப்பிக்குமாறும், தவறிய மணித்தியாலங்களுக்குப் பதில் வகுப்பு ஒழுங்கு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

என்ன வேண்டும் என்பது கடைசியில் தெளிவாக நிற்கிறது பாருங்கள். "ஆவன செய்யுமாறு" என்று முடித்தால் ஆவன எதுவும் நடக்காது. ஹொஸ்டல் தண்ணீரையும் கென்டீன் சோற்றையும் இதே கடிதத்தில் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் மூன்று பிரச்சினை உள்ள கடிதத்தில் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு பைலை மூடிவிடுவார்கள்.

மொழி விஷயம். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பு இடம் தருகிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்று கவுண்டரில் சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம், "மொழிபெயர்ப்பு நீங்கள் செய்துகொள்ளலாம் சேர்" என்று மரியாதையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஏற்கவே மறுத்தால் மொழி உரிமை முறைப்பாட்டுக்கு 1956 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் நடைமுறை புத்தி ஒன்று சொல்கிறேன்: பீடச் சபையில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தமிழ் வாசிக்க வராது, கூட்டக் குறிப்பும் அநேகமாக ஆங்கிலத்தில்தான். ஒப்பமிட்ட தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலத்தில் அரைப் பக்கச் சுருக்கம் ஒன்றையும் வைத்தால் உங்கள் வார்த்தை நீங்கள் எழுதிய மாதிரியே மேசைக்குப் போகும். இதற்குச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, காசைக் கொட்டாதீர்கள்.

5. முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் வாங்கியவரின் சிற்றொப்பமும் வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் மடுவத்தில் (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம்) நிறுக்காத கொழுந்து மாதிரி, பறித்தது உண்மை, ஆனால் பேரில் ஏறாது. முத்திரை அடிக்க மாட்டோம் என்றால் வாதாடாமல் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை பைலில் ஒட்டிவிடுங்கள். பல்கலைக்கழகம் உங்களுக்குக் கொடுத்த மின்னஞ்சலிலிருந்தும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள், அதற்குச் செலவில்லை.

பதில் எங்கே வர வேண்டும் என்பதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் அடிபடுகிறார்கள். தோட்டத்து விலாசம் போட்டால் கடிதம் லயத்து வாசலுக்கு வராது, தோட்டத்து ஆபீசுக்கு மொத்தமாக வரும். அங்கே ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், யாரோ எடுத்துக் கொண்டுபோய் மேல் டிவிசனில் கொடுத்துவிடுவார்கள், அல்லது மேசையில் கிடந்து அப்பா ஏதாவது வேலையாக அங்கே போகும் அன்று கையில் கிடைக்கும். "7 நாட்களுக்குள் சமுகமளிக்கவும்" என்று எழுதிய கடிதம் எட்டாம் நாள் கைக்கு வந்தால் எந்த அதிகாரியும் காரணம் கேட்க மாட்டார். கெம்பஸோடு நடக்கும் எல்லாக் கடிதத்துக்கும் ஹொஸ்டல் விலாசத்தையோ, ஹட்டன், பண்டாரவளை மாதிரி டவுனில் கடை வைத்திருக்கும் நம்பிக்கையான உறவினரின் விலாசத்தையோ கொடுங்கள், கைப்பேசி இலக்கத்தையும் கடிதத்தின் தலையில் எழுதுங்கள். பதிவேட்டில் ஏற்கெனவே தோட்டத்து விலாசம் இருந்தால், தொடர்பு விலாசத்தை மாற்றக் கேட்டு ஒரு தனிக் கடிதம் முதல் மாதமே போகட்டும்.

6. பர்சரி, மகாபொல: திகதி தவறினால் காசு போச்சு

இது பீடச் சபை வேலை இல்லை, ஆனாலும் நம் பெச்சில் பாதிப் பேருக்கு இதுதான் முதல் பிரச்சினை என்பதால் சொல்லிவிடுகிறேன். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5000 ரூபாயிலிருந்து 7500 ஆகவும், பர்சரி 4000இலிருந்து 6500 ஆகவும் கூட்டப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்கள் பர்சரிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் குடும்ப வருமானத்தைக் கிராம சேவகர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்க வேண்டும்.

கிராம சேவகர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், பெரிய தோட்டம் என்றால் எந்த டிவிசன் எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதே குழப்பம். படிவம் கைக்கு வந்த அன்றே வீட்டுக்குப் போன் பண்ணி, அவர் இருக்கும் நாளைக் கேட்கச் சொல்லுங்கள். அப்பா அம்மாவின் கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, வாக்காளர் இடாப்புப் பிரதி, கூடப் படிக்கும் தம்பி தங்கைகளின் பாடசாலைக் கடிதம், இவற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்தால் ஒரே பயணத்தில் முடியும். பெயரில் எழுத்து மாறியிருந்தால், பிறப்பு அத்தாட்சியில் ஒன்று, அடையாள அட்டையில் வேறொன்று என்று இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி செய்து கொள்ளுங்கள். நம் பக்கம் இது சாதாரணம், பெயரைச் சிங்களத்தில் கேட்டு எழுதியவர் தன் இஷ்டத்துக்கு எழுதிய வினைதான் எல்லாம்.

7. பீடச் சபைக்குள்ளே யார் பேசுவார்?

சட்டப்படி பீடச் சபையில் அந்தப் பீடத்து மாணவர்கள் தெரிவு செய்யும் 2 மாணவர்கள் உறுப்பினர்கள். யார் அந்த இருவர் என்று கேட்டுப் பிடியுங்கள், கடிதத்தின் பிரதி ஒன்றைக் கையில் கொடுங்கள். பரீட்சை சம்பந்தமாகப் பேசும்போது வழக்கமாக அவர்களை வெளியே இருக்கச் சொல்வார்கள், மற்றதற்குப் பேசலாம்.

மாணவர் சங்கத் தேர்தல் நடக்காமல் அந்த இரண்டு கதிரையும் காலியாகக் கிடக்கும் வருஷங்களும் உண்டு. அப்போதும் வழி இருக்கிறது. பீடத்தின் நிரந்தர விரிவுரையாளர்கள் எல்லாருமே பீடச் சபை உறுப்பினர்கள். பேராசிரியர்தான் பேச வேண்டும் என்றில்லை, உங்களுக்குப் படிப்பிக்கும் இளம் விரிவுரையாளரும் எழுந்து கேட்கலாம். நிகழ்ச்சி நிரலில் விஷயம் ஏறியிருக்கிறது என்று சொல்லி, "கூட்டத்தில் இதைக் கொஞ்சம் கேட்டு வையுங்கள் சேர்" என்று இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகச் சொல்லுங்கள். எங்கள் விஷயம் நகர்ந்தது இப்படித்தான், தமிழே தெரியாத ஒரு மேடம் கேட்ட ஒரே கேள்வியில்.

சீனியர்கள் "எல்லாம் எங்கள் ஊடாகத்தான் போக வேண்டும், ஒபீஸ் பக்கம் போகாதே" என்பார்கள். சிலர் நல்ல எண்ணத்தில் சொல்வார்கள், சிலர் அதிகாரத்துக்காக. முதல் வருஷத்தார் டீன் அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அது மிரட்டலாகவோ ராகிங்காகவோ மாறினால் கீழிருந்து மேலே என்ற ஒழுங்கை விட்டுவிட்டு, மாணவ ஆலோசகர், டீன், துணைவேந்தர் என்று யார் முதலில் கிடைக்கிறாரோ அவரிடம் அன்றே போங்கள், பொலிசுக்கும் போகலாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி ராகிங் குற்றம், 2 வருடம் வரை சிறை, பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ இருந்தால் 10 வருடம் வரை போகும்.

8. பதில் வராவிட்டால்

கூட்டம் முடிந்த கிழமையே போய், "எங்கள் விடயத்துக்கு என்ன தீர்மானம், எந்த இலக்கத்தில் பதிவாகியிருக்கிறது" என்று கேளுங்கள். இலக்கம் கேட்பவரை ஏய்ப்பது கஷ்டம். பதில் இழுபட்டால் நினைவூட்டல் கடிதம் ஒன்று, முதல் கடிதத்தின் திகதியையும் முத்திரைப் பிரதியையும் இணைத்து.

அதற்கும் அசையவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பல்கலைக்கழகங்களும் இதற்குள் வருகின்றன. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை, பிரதி எடுக்க மட்டும் சிறு தொகை கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும், தருவதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், சில சந்தர்ப்பங்களில் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தாலோ பேசாமலிருந்தாலோ அங்கேயே மேன்முறையீடு கேட்கும் அலுவலருக்கு 14 நாட்களுக்குள் எழுதுங்கள், அவருக்கு 3 கிழமை, அதற்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கேள்வியை ஆவணமாகக் கேளுங்கள். "ஏன் விரிவுரையாளர் போடவில்லை" என்றால் அது கருத்து, பதில் வராது. "இன்ன மாதப் பீடச் சபைக் கூட்டக் குறிப்பில் இன்ன பாடம் தொடர்பான பகுதியின் பிரதி", "அந்தப் பாடத்துக்கு வருகை விரிவுரையாளர் கோரித் துறை அனுப்பிய கடிதத்தின் பிரதி" என்று கேளுங்கள். இரகசியமாக வைக்க வேண்டிய பரீட்சைத் தகவல்களை இந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது, அதனால் வினாத்தாள், புள்ளி விவகாரத்தை இதே விண்ணப்பத்தில் கலக்க வேண்டாம், ஒன்றைக் காட்டி எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

மொழியாலோ இனத்தாலோ பாகுபாடு நடந்தது என்று உறுதியாக நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது, கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு, அவசர இலக்கம் 1996. இங்கே நாள் முக்கியம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால் விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. "பார்ப்போம், பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே அந்த மாதத்தைத் தின்ன விடாதீர்கள்.

9. சரி வந்த பிறகு

தீர்மானம் சாதகமாக வந்தால் வாய்மொழியோடு விடாமல் கடிதமாக வாங்குங்கள். வருகை விரிவுரையாளருக்கான அனுமதி பெரும்பாலும் ஒரு செமஸ்டருக்கு அல்லது ஒரு வருடத்துக்குத்தான், தானாக நீளாது. அந்தக் கடிதத்தையும் உங்கள் பைல் முழுவதையும் போட்டோ கொப்பி எடுத்து அடுத்த பெச்சின் பெச் ரெப்பிடம் கொடுத்து, புதுப்பிக்கக் கேட்கும் கடிதம் செமஸ்டர் தொடங்குவதற்கு முந்திய போர்டுக்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கிளாக் அக்காவின் பெயரையும் மேசையையும் அதோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், அவர் மதியம் பன்னிரண்டுக்குச் சாப்பிடப் போனால் ஒரு மணிக்குப் பிறகுதான் வருவார்.